சொந்தமா, அசலா

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் துர்காதேவியைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கல்யாணத்துக்கு முன்னால் சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பில் போடும் வேலை பார்த்தவள் அவள். சத்தம் போடுகிற ஆளை முகத்துக்கு நேரே பார்த்து, "வரிசைல வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டவள். அப்படிப்பட்டவள் இப்போது பிள்ளை ஒரு தும்மல் போட்டால் செருப்புக்கூட இல்லாமல் மாடிப்படியில் இறங்கி ஓடி வருகிறாள். அதைப் பார்த்துத் தெருவில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களுக்கு நடந்தது தெரியாது. எனக்குத் தெரியும்.

என் பெயர் ஷாஜாதி. வீட்டுக்காரர் கியாசுதீன் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் இரண்டு போர்ஷன். ஒன்றில் துர்கா, அவள் கணவன் கார்த்தி, மாமியார் சின்னப்பொண்ணு. கார்த்தி சிறுசேரி கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுகிறான். மற்றதில் ஒடிசாவிலிருந்து வந்த சஸ்மிதாவும் தீபக்கும். இரண்டு பேரும் அதே சிறுசேரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கல்லுக்குண்டு மாதிரி ஒரு மகன் உண்டு, பெயர் குட்டு. என் செடித் தொட்டிகளில் பாதியை உடைத்தவன் அவன்தான்.

துர்காவுக்குச் சின்னப்பொண்ணு மாமியார் மட்டுமல்ல, சொந்த அத்தையும்கூட. துர்காவின் அப்பாவோடு கூடப்பிறந்த தங்கை. மதுராந்தகத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். அங்கே அத்தை மகன் இருக்கும்போது வெளியில் மாப்பிள்ளை தேடினால் அண்ணன் தங்கைக்குள் பேச்சு வார்த்தை நின்றுவிடும். போதாததற்குப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். துர்கா இங்கே வந்தாள். கார்த்தியின் தங்கை சுஜாதா, துர்காவின் தம்பி குமாருக்குப் போனாள். குமாருக்கு மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் வேலை. இதில் முகம் சுளிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் என் அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். என் பிள்ளைகள் ஜாவித்தும் ஹாதியாவும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

துர்காவின் முதல் குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட இருக்கவில்லை. பிறந்தபோது அழகாகத்தான் இருந்தது. சில நாளில் பால் குடிப்பதை நிறுத்தியது, துவண்டது, வலிப்பு வந்தது. கிருமி என்றார்கள். ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அங்கே ஒரு டாக்டர் வார்டில் எல்லாரும் பார்க்க, "சொந்தத்துலயே கட்டிக் குடுத்துட்டு இங்க வந்து அழுங்க" என்று சின்னப்பொண்ணுவைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ரத்தத்தை எடுத்துப் பார்த்து இன்ன வியாதி என்று சொல்லியிருக்கலாம். அதைச் செய்யவில்லை, திட்ட மட்டும் நேரமிருந்தது. அந்த ஒரு பேச்சு அந்த அம்மாவின் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

துர்கா மறுபடி முழுகாமல் இருந்தபோது சின்னப்பொண்ணு ஆஸ்பத்திரியை மாற்றினாள். புது இடத்தில் யார் கேட்டாலும் அசல், சொந்தமில்லை என்றுதான் சொல்ல வேண்டும், இதுதான் முதல் பிள்ளை என்றும் சொல்ல வேண்டும் என்று துர்காவிடம் சத்தியம் வாங்கினாள். கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பக்கத்து போர்ஷனில் சஸ்மிதாவுக்குக் கழுத்தில் தாலி கிடையாது. வேறு வேறு சாதி, ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள், பதிவும் செய்யவில்லை. அவள் குட்டுவுக்கு ஊசி போடப் போனால் கல்யாணம் ஆகிவிட்டது என்று பொய் சொல்வாள். ஒருத்தி இல்லாத கல்யாணத்தை இருக்கிறது என்கிறாள், இன்னொருத்தி இருக்கிற சொந்தத்தை இல்லை என்கிறாள், என் மாடி முழுக்கப் பொய்யாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

சின்னப்பொண்ணுவைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கும் பயம்தான். அந்தச் சமயத்தில் சுஜாதாவும் கர்ப்பமாக இருந்தாள். துர்காவின் பிள்ளை போனதற்குச் சொந்தம்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டால், தன் மகள் வயிற்றில் இருப்பதற்கும் அதே கதி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாயால் சொல்லாமல் இருந்தால் நடக்காமலும் இருக்கும் என்று நம்பினாள்.

இரண்டாவதும் ஆண். சிவப்பாக, கையை முறுக்கிக்கொண்டு பிறந்தான். வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன், நெற்றியில் முத்தம் கொடுத்தேன். நன்றாகத்தான் குடித்தான். அதற்குப் பிறகு ஒரு காலையில் சஸ்மிதா என் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, மேலே வா. துர்கா அழுவுது. பேபி கண்ணு தொறக்கல" என்றாள்.

நான் மாடி ஏறினபோது துர்கா கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளையின் ஈரத் துணியை முகத்தருகே வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை நீட்டினாள். வெல்லப்பாகு கொஞ்சம் அடிப்பிடித்தால் ஒரு வாசனை வருமே, அது. பிள்ளையின் மூத்திரத்தில் அந்த வாசனை. இனிப்பான வாசனைக்கு ஒரு மனுஷி அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

"மொத கொழந்தைக்கும் இதே வாசன வந்துது அக்கா" என்றாள் துர்கா. "யாராண்டயும் சொல்லல. நெய் காச்சின வாசன ஒட்டிகினு கீதுன்னு அத்த சொன்னாங்க. இவன் நேத்துலேந்து சரியா குடிக்கல."

குழந்தையைத் தூக்கினேன். துணி மூட்டை மாதிரி கையில் தொங்கினான். திடீரென்று முதுகை வில்லாக வளைத்து, பூனை கத்துவதுபோல் மெல்லிசாக ஒரு குரல் கொடுத்தான். கார்த்தி அப்போது வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாவலூரில் இருந்தான். தெருமுனையில் ஜோயலின் ஆட்டோ நின்றது. துர்கா, சின்னப்பொண்ணு, நான், மூவரும் ஏறினோம். செங்கல்பட்டு வரைக்கும் துர்கா பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்தபடியே வந்தாள். மறைமலை நகர் சிக்னலில் ஆட்டோ நின்றபோது, "மூச்சு கீதா பாரு அக்கா, எனக்குத் தெரிய மாட்டேங்குது" என்றாள். அவள் விரல் அவ்வளவு ஆடியது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் டாக்டர், பெயர் காயத்ரி. ஊசி ஏற்றுகிற கை நிற்காமலே கேள்வி கேட்டார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"இல்லம்மா, அசலு" என்றாள் சின்னப்பொண்ணு.

"இதுக்கு முன்னாடி கொழந்த?"

"இதான் தலச்சன்."

டாக்டர் துர்காவைப் பார்த்தார். துர்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன். சின்னப்பொண்ணு என் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் பலம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு இதில் என்ன பேச்சு என்று நானும் அடங்கிவிட்டேன்.

கிருமியாக இருக்கலாம், மருந்து ஏற்றுகிறோம், தாயின் பாலைப் பிழிந்து கொடுங்கள், குழாய் வழியாக ஊற்றலாம் என்றார்கள். சொன்னதை வைத்துத்தானே அவர்களும் வைத்தியம் பார்க்க முடியும். துர்கா ஒரு சின்னக் கிண்ணத்தில் பிழிந்து பிழிந்து கொடுத்தாள். ஏராளமாகப் பால் இருந்தது அவளுக்கு. ஒவ்வொரு கிண்ணத்தையும் பிரார்த்தனை மாதிரி இரண்டு கையாலும் நர்ஸிடம் நீட்டினாள்.

மறுநாள் நான் சோறு கட்டிக்கொண்டு போனபோது பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டிருந்தது. துர்கா வராந்தாவில் குழாயடியில் நின்றிருந்தாள். கையில் அடுத்த கிண்ணம். கார்த்தி சுவரைப் பார்த்து நின்றான். அவன் கண்கள் வீங்கியிருந்தன.

"அவன் போற வழிலயே இவனும் போறான் அக்கா" என்றாள் துர்கா. "அதே மாரி. முந்தா நாளு வாசன, நேத்து தூக்கம், இன்னிக்கி வலிப்பு. அடுத்து இன்னான்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிகினு இங்க இன்னாடி பண்ற. உள்ள போய் சொல்லு."

"சத்தியம் பண்ணிக் குடுத்துகிறேன் அக்கா. சுஜாதாவ நெனச்சிப் பாருன்னு அத்த அழுவுறாங்க. நான் சொன்னா அது அவளுக்கும் தெரிஞ்சிடும். ஏழு மாசம் அவளுக்கு. ராவும் பகலும் பயந்துகினே கெடப்பா. என்ன மாரி."

எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். "சுஜாதா பிள்ள வயித்துல கீது, உன் பிள்ள உள்ள சாவுது. நீ சத்தியத்தப் பாத்துகினு நில்லு" என்று சொல்லிவிட்டேன். சாவுது என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

துர்கா கார்த்தியைப் பார்த்தாள். "மாமா, நான் சொல்லப் போறேன்" என்றாள். அவன் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினான். கிண்ணத்தோடு அவள் உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். சின்னப்பொண்ணு வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், மருமகளின் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"துர்கா, வாணாம்மா" என்றாள்.

துர்கா நிற்கவில்லை. டாக்டர் காயத்ரி கட்டிலருகே இருந்தார். துர்கா அவரிடம் போய், மூச்சு விடாமல் சொன்னாள். "டாக்டர், நாங்க பொய் சொல்லிட்டோம். அவரு எங்க அத்த பையன். இவங்க எங்க அப்பாவோட சொந்த தங்கச்சி. இதுக்கு முன்னாடி ஒரு கொழந்த இதே மாரி செத்துது. ரெண்டு பேருக்கும் மூத்திரத்துல வெல்லம் கருவுன வாசன."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சின்னப்பொண்ணு அதற்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் நாப்கினைக் கழற்றி முகர்ந்தார். குழந்தையின் காதோரம் மூக்கை வைத்தார். பிறகு பெரிய டாக்டருக்குப் போன் செய்துகொண்டே நர்ஸைப் பார்த்து, "அந்தப் பால நிறுத்துங்க. இனிமே ஒரு சொட்டுக்கூட வேணாம்" என்றார்.

துர்காவுக்கு முதலில் புரியவில்லை. கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

"என் பாலா டாக்டர்?"

டாக்டர் அவள் தோளைத் தொட்டார். "உன் பால்ல கொற இல்லம்மா. பால்ல இருக்கற சத்துல ஒரு பகுதிய இவன் உடம்பு செரிக்க மாட்டேங்குதுன்னு சந்தேகப்படறேன். அது தங்கித் தங்கி விஷமாவுது. எந்தத் தாய் குடுத்தாலும் இவனுக்கு அப்படித்தான் ஆவும்."

அந்த ஆறுதல் அவளுக்கு எங்கே ஏறும். அவள் கை விட்டுவிட்டது. கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது. பால் கட்டிலடியில் ஓடியது. துர்கா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "நானே ஊத்திட்டேன் அக்கா, ரெண்டு பிள்ளைக்கும் நானே ஊத்திட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது.

ரத்தத்தை சென்னைக்கு அனுப்பினார்கள். டாக்டர் நினைத்ததுதான். அம்மா அப்பா இரண்டு பேரிடமும் வெளியே தெரியாமல் அரைக் குறை ஒன்று இருக்கும். இரண்டு பாதியும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் வியாதி. யார் யாரைக் கட்டினாலும் நடக்கலாம், ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் கட்டிக்கொண்டால் வாய்ப்பு கூடுதல். பெரிய டாக்டர் இதைப் பொறுமையாகச் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. முதல் தடவையே ஒருவர் இப்படி உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எத்தனையோ நடந்திருக்காது.

பிள்ளை பிழைத்தான். பாலை நிறுத்திய பிறகும் சில நாள் எங்கள் உயிரைக் கையில் பிடிக்க வைத்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தான். இப்போது அவனுக்குத் தனி பவுடர், அதையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். நாளைக்கு வளர்ந்தால் பருப்பு, முட்டை, பால், தயிர் எல்லாவற்றுக்கும் கணக்குதான். ஒரு காய்ச்சல் வந்தால் போதும், மறுபடி விஷம் ஏறலாம். இவ்வளவையும் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் தும்மலுக்கு ஓடி வராமல் வேறு என்ன செய்வாள்.

சுஜாதாவுக்கு விஷயத்தைச் சொன்னது குமார்தான். அவளுக்கும் அவனுக்கும் அந்த அரைக் குறை இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பிள்ளை பிறந்ததும் ரத்தம் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். மாமல்லபுரத்தில் இருந்த அந்தப் பெண் மீதி இரண்டு மாசத்தை எப்படி ஓட்டினாள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் போனில் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பது மட்டும் தெரியும். சின்னப்பொண்ணு மாடி வராந்தாவில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தாலி இல்லாதவள் என்று முன்பெல்லாம் சஸ்மிதாவின் கைத்தண்ணீர்கூட வாங்காதவள், அந்த நாட்களில் சஸ்மிதா கொடுக்கும் டீயை வாங்கிக் குடித்தாள்.

சுஜாதாவுக்கு செங்கல்பட்டிலேயே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. ரத்தம் எடுத்துவிட்டு, ரிசல்ட் வரும்வரை டாக்டர் கொடுத்த வேறு பவுடரை அளந்து ஊற்றினார்கள். நான் துர்காவின் மகனைத் தூக்கிக்கொண்டு அவளோடும் சின்னப்பொண்ணுவோடும் துணைக்குப் போயிருந்தேன். அன்றைக்கு ரிசல்ட் வந்தது. டாக்டர் காயத்ரியே வந்து, குழந்தைக்கு ஒன்றும் இல்லை, தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். குமார் ஓவென்று அழுதான். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

சுஜாதா அசையவில்லை. குழந்தை பசியில் வீறிட்டது. ஜாக்கெட்டெல்லாம் பால் நனைந்திருந்தது. அவள் இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டாள்.

"தப்பா பாத்திருந்தா?" என்றாள்.

"நல்லா பாத்துதான் சொல்லிகிறாங்க. குடுடி, கொழந்த கத்துது பாரு" என்றாள் சின்னப்பொண்ணு.

சுஜாதா தலையைத் தூக்கித் தன் அம்மாவைப் பார்த்தாள். "நீ சொல்லாத. அங்க ஒரு கொழந்த சாவறப்போ இன்னா சொன்ன நீ? உன் பேச்ச நம்பி நான் குடுக்க மாட்டேன்."

சின்னப்பொண்ணு ஒரு அடி பின்னால் போனாள். பிறகு இன்னொரு அடி. கதவுக்கு வெளியே போய்விட்டாள்.

"அண்ணி சொல்லட்டும்" என்றாள் சுஜாதா. "அண்ணி, நீ சொல்லு. குடுக்கவா?"

இரண்டு பிள்ளைகளுக்கும் தன் கையால் ஊற்றினவள் துர்கா. இன்னொருத்தி பிள்ளைக்குக் கொடு என்று அவள் வாய் எப்படிச் சொல்லும். என் தோளில் தூங்கிய மகனைப் பார்த்தாள். குழந்தை கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிற்று. துர்கா கட்டிலில் ஏறி சுஜாதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மார்பை மூடியிருந்த அவள் கைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். குழந்தையை எடுத்து நெஞ்சோடு வைத்தாள்.

"குடு" என்றாள். "நான் கூடவே ஒக்காந்துகினு கீறேன். எத்தினி நாளானாலும் ஒக்காந்துகினு கீறேன்."

குழந்தை கவ்வியது. சுஜாதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். துர்கா மூடவில்லை. அந்தக் குட்டித் தொண்டை இறங்கி ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே வந்தேன். சின்னப்பொண்ணு கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"குடிக்கிதா?" என்று என்னைக் கேட்டாள்.

"குடிக்கிது" என்றேன்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்தான்."

அவள் நம்பவில்லை. உள்ளே போகவும் துணியவில்லை. கதவின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்துத் தானே பார்த்துக்கொண்டாள்.